கையில் 7.5 கோடி, கணக்கில் 2.22 கோடி

டல்லஸ் கௌபாய்ஸ் அணியின் குவார்ட்டர்பேக் (பந்தை வீசி ஆட்டத்தை நடத்துபவர்) டாக் பிரெஸ்காட் 2021-ல் நான்கு வருட ஒப்பந்தம் போட்டார். மொத்தம் 16 கோடி டாலர். முதல் வருடம் மட்டும் அவருக்குச் சேர வேண்டியது 7.5 கோடி. ஆனால் அணியின் சம்பளக் கணக்கில் அந்த வருடம் ஏறியது 2.22 கோடிதான். கள்ளக்கணக்கு எதுவும் இல்லை, விதியே அப்படி.

முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுவார்களே, அந்த அமெரிக்கக் கால்பந்தைத்தான் சொல்கிறேன். அதன் என்.எஃப்.எல் லீக்கில் 32 அணிகள். லீக் வருமானத்தில் ஏறக்குறைய பாதி ஆட்டக்காரர்களுக்கு என்று பேசி வைத்திருக்கிறார்கள். அதிலிருந்து ஒவ்வொரு வருடமும் அணிகளுக்குச் சம்பள உச்சவரம்பு வகுக்கிறார்கள். 1994-ல் 3.46 கோடி டாலர், 2025-ல் 27.92 கோடி. அபராதம் கட்டிவிட்டுத் தாண்டலாம் என்ற பேச்சே இல்லை. மிச்சம் பிடித்தால் மட்டும் அடுத்த வருடத்துக்குக் கொண்டுபோகலாம்.

சரி, பிரெஸ்காட் கணக்குக்கு வருவோம். அவருடைய 7.5 கோடியில் சம்பளம் 90 லட்சம்தான். மீதி 6.6 கோடி, கையெழுத்துப் போட்டதற்கான போனஸ். சம்பளம் அந்தந்த வருடக் கணக்கில் முழுதாக ஏறும். இந்த போனஸை மட்டும் அதிகபட்சம் ஐந்து வருடங்களுக்குச் சமமாகப் பிரித்து எழுதலாம். ஐந்தில் ஒரு பங்கு 1.32 கோடி. அதோடு 90 லட்சம் சேர்த்தால் 2.22 கோடி.

ஒப்பந்தமே நான்கு வருடம்தானே? அங்கேதான் வேடிக்கை. ஒப்பந்தத்தின் வாலில் 2025, 2026 என்று இரண்டு போலி வருடங்களை ஒட்டினார்கள். அவர் அவற்றில் ஆடவேண்டியதில்லை, அவை தாமாகவே காலாவதியாகிவிடும். போனஸை ஐந்தாக வகுக்க அதில் ஒன்று போதும். இரண்டாவது, பின்னால் சம்பளத்தை மாற்றி எழுத உதவும்.

அந்த மாற்றி எழுதும் வித்தை எளிது. ஒருவருக்கு இந்த வருடச் சம்பளம் 2 கோடி, ஒப்பந்தத்தில் இன்னும் ஐந்து வருடம் இருக்கிறது என்று வையுங்கள். 20 லட்சத்தைச் சம்பளமாக விட்டுவிட்டு, 1.8 கோடியை போனஸ் என்று பெயர் மாற்றி உடனே கொடுத்துவிடுகிறார்கள். கணக்கில் இந்த வருடம் ஏறுவது 20 லட்சமும் 36 லட்சமும், ஆக 56 லட்சம். அணிக்கு 1.44 கோடி இடம் கிடைக்கிறது. ஆட்டக்காரருக்கு ஒரு காசு குறையவில்லை. காசு முன்னாலேயே வருவதால் அவர் ஏன் மறுக்கப்போகிறார்?

வட்டியில்லாத் தவணை இது. உச்சவரம்பும் பொதுவாக ஏறிக்கொண்டே போவதால், நாளைய சுமை நாளைக்குக் கொஞ்சம் லேசாகத் தெரியும். அதனால் தள்ளிப்போடுவதை ஊதாரித்தனம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் கொரோனாவால் வருமானம் விழுந்த பிறகு, 2021-ல் வரம்பு 19.82 கோடியிலிருந்து 18.25 கோடியாக இறங்கியபோது, தள்ளிவைத்த அணிகளுக்கு மூச்சு முட்டியது.

இன்னொரு ஆபத்து, ஆளைத் தவறாகக் கணிப்பது. ஆட்டக்காரரை நீக்கினால், இன்னும் எழுதாத போனஸ் பாக்கி மொத்தமாகக் கணக்கில் வந்து விழும். ‘செத்த பணம்’ என்பார்கள். டென்வர் பிராங்கோஸ் அணி 2022-ல் குவார்ட்டர்பேக் ரஸ்ஸல் வில்சனுக்கு 24.5 கோடி டாலரில் ஐந்து வருட நீட்டிப்புக் கொடுத்தது. அந்த நீட்டிப்பு தொடங்கவேண்டிய 2024-லேயே அவரை நீக்கியது. செத்த பணம் சுமார் 8.5 கோடி! ஜூன் 1-க்குப் பிறகு நீக்கியதாகக் கொள்ளும் ஒரு சலுகை இருப்பதால், அதை 2024-ல் 5.3 கோடி, 2025-ல் 3.2 கோடி என்று பிரித்துக்கொண்டார்கள்.

வில்சன் பிட்ஸ்பர்க் அணிக்குப் போய்க் குறைந்தபட்சச் சம்பளத்துக்கு ஆடினார். உத்தரவாதம் கொடுத்த பாக்கியை டென்வர்தான் கட்டியது. அவர் இடத்தில் டென்வர் இறக்கியது போ நிக்ஸ் என்ற புதுமுகத்தை. 2011 முதல் புதுமுகங்களின் ஊதியத்துக்கு லீக் தனி அளவு வைத்திருப்பதால் அவருக்கு ஆன செலவு குறைவு. ஊரில் இல்லாத ஆளுக்கு 5.3 கோடி எழுதிக்கொண்டே, ஒன்பது வருடங்களில் முதல்முறையாக டென்வர் அந்த சீசனில் பிளே-ஆஃப் போனது.