பார்த்துப் படித்த இங்கிலீஷ் சொல் ஏன் வாயில் வருவதில்லை?

தேவகோட்டையிலிருந்து ஒரு கல்லூரி மாணவி கேட்டிருந்தார்: “தினமும் பத்து இங்கிலீஷ் சொற்களை எழுதி எழுதிப் படிக்கிறேன். ராத்திரி எல்லாம் தெரிகிறது. அடுத்த வாரம் பேச வாயெடுத்தால் ஒன்றும் வருவதில்லை. ஞாபக சக்திக்கு ஏதாவது மருந்து சாப்பிடலாமா?”

மருந்தே வேண்டாம். மறப்பது மூளையின் இயல்பு. 1885-லேயே ஜெர்மானிய உளவியலாளரான ஹெர்மன் எபிங்ஹாஸ் தன்னையே சோதித்து இதை அளந்து காட்டினார். படித்ததில் பெரும்பகுதி முதல் நாளிலேயே போய்விடும், அப்புறம் மெதுவாகக் கரையும். இடைவெளி விட்டுப் படித்தால் அதிகம் தங்கும். சரி, இது பலரும் கேள்விப்பட்டதுதான்.

நான் வியந்து வியந்து படித்தது வேறொன்று. 2008-ல் கார்ப்பிக், ரோடிகர் என்ற இரண்டு உளவியலாளர்கள் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களுக்கு ஸ்வாஹிலி என்ற ஆப்பிரிக்க மொழியின் 40 சொற்களை இங்கிலீஷ் அர்த்தத்தோடு கொடுத்தார்கள். ஒரு சொல்லை ஒரு தடவை சரியாகச் சொன்ன பிறகு, ஒரு பிரிவினர் அதைத் திரும்பத் திரும்பப் பார்த்துப் படித்தார்கள், டெஸ்ட் கிடையாது. இன்னொரு பிரிவினருக்கு டெஸ்ட் மட்டும் தொடர்ந்தது, பார்த்துப் படிப்பது நின்றுவிட்டது. ஒரு வாரம் கழித்து, பார்த்துப் படித்தவர்களுக்கு மூன்றில் ஒரு பங்கு சொற்களே நினைவிருந்தன. டெஸ்ட் எழுதியவர்களுக்கோ 80 சதவீதம்! இதில் இன்னொரு விஷயம்: “எத்தனை நினைவிருக்கும்?” என்று முன்கூட்டியே கேட்டபோது எல்லாருமே ஏறக்குறைய பாதி என்றுதான் சொன்னார்கள். நமக்குள் எது தங்கியிருக்கிறது என்பது நமக்கே தெரிவதில்லை.

ஏன் இப்படி? செட்டிநாட்டுப் பெரிய வீட்டில் யாராவது ஒரு அண்டாவைத் தூக்கிவந்து காட்டினால், நம்ம வீட்டு அண்டா என்று உடனே சொல்லிவிடுவோம். அது வீட்டின் எந்தப் பகுதியில், எந்த அறையில் இருக்கிறது என்பது தேடிப்போய் எடுத்தவருக்குத்தான் தெரியும். நோட்டைப் பார்க்கும்போது நடப்பது அடையாளம் காண்பது மட்டுமே. மூடிவைத்துவிட்டு யோசிக்கும்போதுதான் மூளை தேடுகிறது. தேடும்போது அந்த அர்த்தத்தோடு தொடர்புடைய மற்ற நினைவுகளும் கிளம்புகின்றன, சொல்லோடு பிணைகின்றன. அடுத்த தடவை அந்தச் சொல்லைப் பிடிக்க வழிகள் கூடிவிடுகின்றன. கொஞ்சம் மறந்த பிறகு தேடினால் பலன் இன்னும் அதிகம்.

தேடும் திசையும் முக்கியம். இங்கிலீஷ் சொல்லைப் பார்த்துத் தமிழ் அர்த்தம் சொல்வது வாசிக்க உதவும். பேசும்போது அர்த்தம்தான் முதலில் வருகிறது. அதனால் சூழ்நிலையிலிருந்து தொடங்குங்கள். விருந்தில் ஆச்சி “இன்னும் ரெண்டு பணியாரம் வச்சுக்க” என்று விடாமல் வற்புறுத்தும்போது, ‘இன்சிஸ்ட்’ என்ற சொல்லை மனசுக்குள் தேடி எடுத்து ஒரு வாக்கியமாகச் சொல்லிப் பாருங்கள். துணைச் சொல்லையும் சேர்த்தே எடுங்கள். பலத்த மழைக்கு ‘ஹெவி ரெயின்’, காப்பிக்குத்தான் ‘ஸ்ட்ராங்’.

பரீட்சைக் காலத்தில் ஞாபக சக்தி லேகியம் என்று விற்பதைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. அந்தப் பணம் ஆராய்ச்சிக்குப் போகக் கூடாதா? வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால்தான் காரைக்குடிக்கு மின்வேதியியல் ஆய்வகம் வந்தது. தமிழ்வழியில் படிக்கும் பிள்ளைகள் இங்கிலீஷை எப்படிக் கற்கிறார்கள் என்ற ஆராய்ச்சிக்கும் அப்படி ஒரு கை நீள வேண்டும். அதற்குப் பெரிய இயந்திரம்கூடத் தேவையில்லை. சில வகுப்பறைகளும், வாரக்கணக்கில் பொறுமையாகக் குறிப்பெடுக்க ஆட்களும், அவர்களுக்குச் சம்பளமும் போதும்.