லஞ்சத்தைப் பிடிக்கும் கழித்தல் கணக்கு

"அதிகாரிகள் வருடா வருடம் சொத்துப் பட்டியல் கொடுக்கிறார்கள். லஞ்சம் வாங்குகிறவர் அதில் உண்மையையா எழுதப் போகிறார், அப்புறம் எதற்கு இந்தப் படிவம்?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

வீட்டில் திருடு போனால் பறிகொடுத்தவர் போலீசுக்கு ஓடுவார். பெரிய லஞ்சங்களில் அப்படி ஓட ஆளே இருப்பதில்லை. கொடுத்தவருக்குக் காரியம் முடிந்தது, வாங்கியவருக்குப் பணம் வந்தது, நஷ்டப்பட்ட பொதுமக்களுக்கு நடந்ததே தெரியாது. அதனால் பணம் கைமாறும் நொடிக்காகக் காத்திருப்பதில் பெரிய பலன் இல்லை, அதற்கு முன்னும் பின்னும்தான் பார்க்க வேண்டும். முன்னால் பார்ப்பது என்றால் பரிசுப் பொருளுக்கு வரம்பு வைப்பது, சொந்தக்காரர் கம்பெனி சம்பந்தப்பட்ட கோப்பில் கையெழுத்துப் போடாமல் விலகச் சொல்வது போன்றவை. 1978-ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான அமெரிக்காவின் அரசு நெறிமுறை அலுவலகம் செய்வது பெரும்பாலும் இந்த வேலைதான், அது யாரையும் கைது செய்வதில்லை.

பின்னால் பார்ப்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. தொட்டியில் எவ்வளவு தண்ணீர் இருந்தது, எவ்வளவு வந்தது, எவ்வளவு போனது என்று தெரிந்தால் இப்போது எவ்வளவு இருக்க வேண்டும் என்று சொல்லிவிடலாம், இல்லையா? சொத்துக்கும் அதே கணக்கு. வருடத் தொடக்கத்தில் 20 லட்சம், வரி போகச் சம்பளம் 12 லட்சம், குடும்பச் செலவு 7 லட்சம் என்றால் கடைசியில் 25 லட்சம் இருக்கலாம். 60 லட்சம் இருந்தால் மீதி 35 லட்சம் எங்கிருந்து வந்தது? (கடனைக் கழித்துவிட வேண்டும், நிலத்தை வாங்கிய விலையில்தான் எழுத வேண்டும், இல்லாவிட்டால் விலை ஏறியதெல்லாம் லஞ்சம் மாதிரித் தெரியும்.) யார் கொடுத்தார், எந்தக் கோப்புக்காகக் கொடுத்தார் என்று எதுவும் தெரியாமலே ஒரு ஓட்டை கண்ணில் பட்டுவிடுகிறது பாருங்கள்!

சரி, புது வீட்டை மறைத்துவிட்டால்? அப்போது பொய்ப் பட்டியல் கொடுத்தது தனிக் குற்றமாகிவிடும், பத்திரப் பதிவைக் காட்டி நிரூபிப்பதும் சுலபம். எழுதினால் கணக்கு உதைக்கும், எழுதாவிட்டால் பொய் மாட்டும். வாசகரின் கேள்விக்கு இதுதான் பதில்: படிவம் யாருடைய நேர்மையையும் நம்பி இல்லை, ஆளை ஒரு எண்ணில் கட்டிப்போடுகிறது.

இதை உடைக்கவும் வழி உண்டு. முதல் பட்டியலிலேயே கையில் ஏராளமான ரொக்கம் இருப்பதாக எழுதிவிட்டால் பிறகு வரும் லஞ்சத்தையெல்லாம் அந்தப் பழைய பணம் என்று சொல்லிக்கொள்ளலாம். 2016-இல் உக்ரைன் இணையவழிப் பட்டியலைக் கட்டாயமாக்கியபோது பல அரசியல்வாதிகள் கட்டுக்கட்டாக ரொக்கம் வைத்திருப்பதாக எழுதியது நாட்டையே அதிர வைத்தது. அதனால் முதல் பட்டியலைப் பழைய வருமான வரிக் கணக்குகளோடு ஒப்பிடாமல் விடவே கூடாது. ஆனால் பல இடங்களில் படிவம் வாங்க ஆள் உண்டு, சரிபார்க்க ஆள் இல்லை. புதுச் சட்டம் போடுவதைவிடக் கணக்குத் தணிக்கை தெரிந்தவர்களுக்குச் சம்பளம் கொடுப்பது முக்கியம் என்பேன்.

ஹாங்காங்கில் பீட்டர் காட்பர் என்ற மூத்த போலீஸ் அதிகாரியிடம் 43 லட்சம் ஹாங்காங் டாலருக்கு மேல் கணக்கில் வராத சொத்து இருந்தது. விளக்கம் கேட்டதும், 1973-இல் இங்கிலாந்துக்குப் பறந்துவிட்டார். மக்கள் தெருவில் இறங்கினார்கள், 1974-இல் ஊழலுக்கு எதிரான தனி ஆணையம் பிறந்தது. ஆனால் விளக்க முடியாத சொத்து என்பது இங்கிலாந்தில் அன்று குற்றமே இல்லை, அதனால் கழித்தல் கணக்கை மட்டும் காட்டி அவரைத் திருப்பி அனுப்பும்படி கேட்க முடியவில்லை. நேரடி லஞ்சத்துக்குச் சாட்சி தேடி, 1975-இல் திருப்பிக் கொண்டுவந்து, 4 ஆண்டு சிறைக்கு அனுப்பினார்கள்.

எல்லை தாண்டிய பணம் இந்தக் கணக்குக்கு இன்றும் சவால்தான். பிரான்சில் வரி ஏய்ப்பை ஒடுக்க வேண்டிய பட்ஜெட் அமைச்சர் ஜெரோம் கயுசாக்கே வெளிநாட்டில் ரகசியக் கணக்கு வைத்திருந்தார், அதைக் கண்டுபிடித்தது எந்தப் படிவமும் இல்லை, பத்திரிகையாளர்கள். அவர் 2013-இல் பதவி விலகிய பிறகு, அந்த வருடமே பிரான்ஸ் தனி ஆணையம் ஒன்றை அமைத்தது. அமைச்சர் தரும் பட்டியல் அங்கே வந்ததும் வரித்துறைக்குப் போகிறது, அவர்களிடம் உள்ள விவரத்தோடு பொருத்திப் பார்த்த பிறகு எல்லோரும் படிக்கும்படி வெளியிடுகிறார்கள்.