கருதுகோள்: சொல்லும் கணக்கும்

சேலத்துக் கல்லூரிகளில் புள்ளியியல் படிக்கிற பிள்ளைகள் வகுப்பில் 'ஹைப்போதிசிஸ் டெஸ்டிங்' என்றே சொல்லிப் பழகியிருப்பார்கள். ஒன்றை உண்மை என வைத்துக்கொண்டு, கிடைத்த தரவு அதோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்கும் முறை அது. தமிழில் எழுத வேண்டி வந்தால் ஒருவர் கருதுகோள் சோதனை என்பார், இன்னொருவர் எடுகோள் சோதனை என்பார். இரண்டும் நடைமுறையில் இருப்பவைதான். ஆனால் சொல்லின் பொருள் பிடிபட்டால், கணக்கில் பலர் சறுக்குகிற ஓர் இடம் தானாகவே தெளிந்துவிடும். அதற்காகவே இதை எழுதுகிறேன்.

ஹைப்போதிசிஸ் கிரேக்கச் சொல். 'ஹுப்போ' என்றால் கீழே, 'தெசிஸ்' என்றால் வைத்தல். மேலே எழுப்பப்போகிற வாதத்துக்கு அடியில் முதலில் வைப்பது எதுவோ அதுதான் ஹைப்போதிசிஸ். இதற்கு மிக நெருக்கமான தமிழை நாம் தினமும் பேசுகிறோம்: 'வைத்துக்கொள்வோம்'. 'நாளைக்கு பஸ் இல்லைன்னு வெச்சுக்குவோம், அப்புறம் என்ன பண்றது?' என்று கேட்பவர் பஸ் இல்லை என்று நம்பிவிடவில்லை. அப்படி ஒன்றை வைத்து, அதிலிருந்து என்ன விளையும் என்று பார்க்கிறார்.

கருதுகோளில் உள்ள 'கோள்' இந்தக் 'கொள்'ளிலிருந்து வந்ததே. கொள் என்ற வினையின் முதல் எழுத்து நீண்டு பெயரானது. மேற்கோள், வேண்டுகோள், குறிக்கோள் எல்லாம் இதே வார்ப்பு. 'கோளில் பொறியின் குணமிலவே' என்ற குறளில் வரும் கோளும் கொள்ளுதல்தான். தனக்குரிய புலனைக் கொள்ளாத பொறி என்று பொருள். கருதிக் கொண்டது கருதுகோள். எடுகோளும் பிழையில்லை. ஆனால் இயற்பியலில் நீல்ஸ் போர் என்பவரின் அணு மாதிரியைப் படிக்கும்போது எடுகோள்கள் என்று சிலவற்றைச் சொல்லித்தான் தொடங்குகிறோம். அங்கே அது மற்றதெல்லாம் நிற்கும் தளம். இங்கே தரவு வந்தால் தள்ளிவிடவும் தயாராக இருக்கிறோம். ஆகவே சோதனைக்குக் கருதுகோளை வைத்துக்கொண்டு, எடுகோளை அந்தத் துறைக்கே விட்டுவிடலாம் என்பது என் கருத்து.

'நல் (null) ஹைப்போதிசிஸ்' என்ற பெயர் 1935-ல் புள்ளியியலாளர் ரொனால்ட் ஃபிஷர் சோதனை வடிவமைப்பு பற்றி எழுதிய நூலில் வருகிறது. லத்தீனில் 'நுல்லுஸ்' என்றால் எதுவும் இல்லாத. சிலர் இதைச் சுழியக் கருதுகோள் என்று பெயர்க்கிறார்கள். அப்படிச் சொன்னால் மதிப்பே சுழியம் என்று மாணவர் எண்ணிவிடுவார். இல்லை என்று சொல்லப்படுவது மாற்றம். சொன்ன அளவுக்கும் உண்மை அளவுக்கும் வேறுபாடு இல்லை என்பது. அதனால் இன்மைக் கருதுகோள் என்பதே பொருந்தும். அதற்கு எதிரே நிற்பது மாற்றுக் கருதுகோள். இந்த எதிர்த்தரப்பை முறைப்படி உள்ளே கொண்டுவந்தவர்கள் புள்ளியியலாளர்கள் நெய்மனும் ஈகோன் பியர்சனும்.

'பாப்புலேஷன் புரொபோர்ஷன்' என்பதை மக்கள்தொகை விகிதம் என்று எழுதுவது பெரும் தொல்லை. 'பாப்புலுஸ்' என்றால் மக்கள்தான், அது சரி. ஆனால் புள்ளியியலில் அது நாம் அறிய விரும்பும் மொத்தத்தையும் குறிக்கும்; காப்பிப் பழங்களுக்கு மக்கள்தொகை கிடையாது. முழுமைத்தொகுதி என்பதே சரியான சொல். புரொபோர்ஷனுக்குப் பள்ளிக் கணக்கில் விகிதசமம் என்று படித்திருப்போம். அது இரு விகிதங்கள் சமமாவது. இங்கே வேண்டியது முழுமையில் ஒரு பங்கு. முழுமைத்தொகுதிப் பங்கு என்றால் யாருக்கும் புரியும்.

ஏற்காட்டு மலைக்கே போவோம். காப்பிப் பழத்தைப் பிதுக்கினால் வழக்கமாக ஒரு பக்கம் தட்டையான இரண்டு கொட்டைகள் வரும். சில பழங்களில் ஒன்றே ஒன்று, உருண்டையாக இருக்கும், அதுதான் பீபெரி. ஒரு தோட்டத்தில் பத்து விழுக்காடு பழங்கள் பீபெரி என்று சொல்கிறார்கள் என வைத்துக்கொள்வோம். இதுவே இன்மைக் கருதுகோள். பங்கு பத்து விழுக்காடு இல்லை, கூடவோ குறையவோ இருக்கிறது என்பது மாற்று. ஒரே செடியில் உருவாமல், சரிவு முழுக்கச் சமவாய்ப்பில் 400 பழங்களை எடுத்துப் பிதுக்கினால் 52 பீபெரி கிடைக்கிறது என்போம். மாதிரியின் பங்கு 0.13.

கருதுகோள்படி எதிர்பார்ப்பது 40. பத்து விழுக்காடு உண்மையானால் எண்ணிக்கையின் திட்டவிலக்கம் (தற்செயலாக அது வழக்கமாக விலகும் அளவு), 400-ஐ 0.1-ஆலும் 0.9-ஆலும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால், 6. கிடைத்தது 12 கூடுதல். 12-ஐ 6-ஆல் வகுத்தால் இசட் மதிப்பு 2, அதாவது எதிர்பார்த்ததிலிருந்து இரண்டு திட்டவிலக்கத் தொலைவு. உண்மையான கருதுகோளைத் தவறாக மறுக்கும் வாய்ப்பை ஐந்து விழுக்காடாக வைத்தால், கூடுதல் குறைவு இரண்டையும் பார்க்கும் இருபக்கச் சோதனைக்கு எல்லை 1.96. எல்லையைத் தாண்டிவிட்டது, இன்மைக் கருதுகோளை மறுக்கிறோம்.

சறுக்கும் இடம் இதுதான். கையில் 0.13 இருக்கிறதே என்று திட்டவிலக்கத்தையும் 0.13, 0.87 வைத்துப் போடுவார்கள். அப்போது 6.73 வரும், இசட் 1.78 ஆகும், எல்லைக்குள் நின்றுவிடும். அதே பழங்கள், தீர்ப்பு தலைகீழ். உண்மைப் பங்கு எந்த வீச்சுக்குள் இருக்கலாம் என்று கணிக்கும் நம்பக இடைவெளி போடும்போது 0.13-ஐப் பயன்படுத்துவது சரியே, அங்கே எந்தப் பங்கையும் முன்கூட்டி வைக்கவில்லை. சோதனையில் பத்து விழுக்காட்டை அடியில் வைத்துவிட்டோம். அது உண்மையானால் தற்செயலாக எவ்வளவு விலகும் என்பதே கேள்வி. ஆகவே முடிவு சொல்லும்வரை கணக்கு 0.1-இன் மேல்தான் நிற்க வேண்டும்.

இசட் 2 என்றால் பி மதிப்பு, அதாவது கருதுகோள் உண்மையானால் இவ்வளவோ இதற்கு மேலோ விலகும் வாய்ப்பு, ஏறத்தாழ 0.046. ஒரு விழுக்காட்டு அளவில் எல்லை 2.58, அங்கே இதே தரவு கருதுகோளை மறுக்காது. அந்த நிலையில் 'பத்து விழுக்காடு என்று நிரூபணமானது' என்று எழுதக் கூடாது. இன்மைக் கருதுகோளை மறுக்க முடியும், நிறுவ முடியாது என்று ஃபிஷரே சொல்லியிருக்கிறார். 'பீபெரியின் பங்கு பத்து விழுக்காட்டிலிருந்து வேறுபடுகிறது எனச் சொல்ல இந்த 400 பழங்களில் போதிய சான்று இல்லை' என்று எழுதினால் போதும். எந்த அளவில் சோதிப்பது என்பதைப் பழத்தைப் பிதுக்கும் முன்பே முடிவு செய்துவிட வேண்டும்.