சூளைக்குப் போன பிள்ளைய சேர்த்துக்க டிசி கேக்காதீங்க

திருவள்ளூர், செங்கல்பட்டு பக்கம் இருளர் பழங்குடி குடியிருப்பு, செங்கல் சூளைன்னு தான் என் டீச்சர் வாழ்க்கை பெரும்பாலும் போச்சு, அதனால அடிச்சு சொல்றேன், இந்தப் பிள்ளைங்க பாதியில நிக்கிறதுக்கு முக்கால்வாசி காரணம் பேப்பர் தான்.

பொங்கல் முடிஞ்சா மேஸ்திரிகிட்ட வாங்கின அட்வான்ஸுக்காக குடும்பமே சூளைக்குக் கிளம்பிடும், மழை பிடிக்கிற வரைக்கும் அங்க தான். அப்பா அம்மா விடியறதுக்கு ரொம்ப முன்னாடியே கல் அறுக்க உக்காந்துடுவாங்க, பிள்ளைங்க காயற கல்ல திருப்பிப் போடும். ஊர் ஸ்கூல்ல லாங் அப்சென்ட்னு போட்டிருப்பாங்க, சூளை பக்கத்து ஸ்கூல்ல கேட்டா டிசி எங்க, பர்த் சர்டிபிகேட் எங்கம்பாங்க. குடிசையில பொறந்த பிள்ளைக்கு எங்க போறது?

2009 கல்வி உரிமைச் சட்டத்துல தெளிவா இருக்கு. 6 வயசுல இருந்து 14 வரைக்கும் வயசு சான்று இல்லன்னு அட்மிஷன் மறுக்கக் கூடாது, அது பிரிவு 14. டிசி வர லேட்டாகுதுன்னும் மறுக்கக் கூடாது, பிரிவு 5. பிரிவு 4 படி வயசுக்கேத்த கிளாஸ்ல சேர்த்து விட்ட பாடத்துக்கு தனிப் பயிற்சி குடுக்கணும், பத்து வயசுப் பையன ஒண்ணாங்கிளாஸ்ல உக்கார வச்சா அடுத்த வாரமே வர மாட்டான். இன்னொரு சிக்கல் எமிஸ், அதாவது பிள்ளைங்க விவரம் இருக்கிற அரசு ஆன்லைன் பதிவு. பழைய ஸ்கூல் அதுல பிள்ளையோட பேர காமன் பூல்ங்கிற பொதுப் பட்டியலுக்கு விட்டா தான் புது ஸ்கூல் எடுக்க முடியும், அத ரெண்டு எச்எம்மும் போன்ல பேசி முடிச்சுக்கலாம், பெத்தவங்க கூலிய விட்டுட்டு ஏன் அலையணும்?

சேர்த்தா மட்டும் போதாது. ஆயிரம் கல்லுக்கு இவ்ளோ கூலின்னா எழுநூத்தம்பது கல்லுக்கு எவ்ளோன்னு கேளுங்க, ஏழாவது படிக்கிற பொண்ணு மனசுலயே போட்டு சொல்லும், அதையே போர்டுல முக்கால்னு பின்னமா எழுதினா முழிக்கும். நான் பின்னத்த கூலியில இருந்து தான் ஆரம்பிக்கிறது. அப்படிப் படிச்ச ஒரு பொண்ணு அப்பாவோட கணக்கு நோட்ட வாங்கி அட்வான்ஸ்ல எவ்ளோ கழிச்சாங்க, பாக்கி எவ்ளோன்னு கூட்டிப் பாக்க ஆரம்பிச்சுது, மேஸ்திரிக்கு அது பிடிக்கல. அட்வான்ஸ காட்டி ஆள வெளிய விடலன்னா அது கொத்தடிமை, 1976 சட்டப்படி அந்தக் கடனே செல்லாது, கலெக்டர்கிட்ட மனு குடுக்கலாம். இதையும் சேர்த்து சொல்லித் தர்றது தான் டீச்சர் வேலைன்னு நான் நம்பறேன்.

பள்ளி மேலாண்மைக் குழுவுல முக்கால்வாசி பேர் பெத்தவங்களா இருக்கணும், ஆனா கூட்டத்த வேலை நேரத்துல வச்சா கூலிக்குப் போறவங்க எப்படி வருவாங்க? குடியிருப்புலயே சாயங்காலம் உக்காருங்க, எந்தப் பிள்ளை எந்த சூளையில இருக்குன்னு அந்த அம்மாக்களுக்கு தான் தெரியும். அட்மிஷன் மறுத்தா பள்ளிக்கல்வி உதவி எண் 14417, பிள்ளை வேலை செய்யறத பாத்தா குழந்தைகள் உதவி எண் 1098, உடனே போன் போடுங்க.