வியாழக்கிழமை வயிற்றுவலி

பல்லடம் பக்கத்துத் தறி ஊர் ஒன்றிலிருந்து ஓர் அம்மா தன் 8 வயது மகளைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். கையில் ஒரு மஞ்சப்பை, அது நிறைய ரிப்போர்ட். வயிற்று ஸ்கேன் இரண்டு, ரத்தப் பரிசோதனை, மலப் பரிசோதனை, பூச்சி மருந்துச் சீட்டு. எல்லாம் நார்மல். "நாலு மாசமா வயித்த வலிக்குதுங்கறாளுங்க. பாக்காத டாக்டர் இல்லீங்க. கடைசியா பாத்தவரு உங்ககிட்ட போகச் சொல்லிட்டாரு. ஏனுங்க, புள்ளைக்கு மண்டையில ஏதாச்சும் கோளாறுங்களா?"

மனநல மருத்துவரிடம் வருகிறவர்களின் முதல் பயம் அதுதான். மண்டையில் ஒன்றும் கோளாறு இல்லை என்று சொல்லிவிட்டு, எப்போது வலிக்கிறது என்று கேட்டேன். அம்மா "எப்பவுந்தாங்க" என்றார். பிள்ளை காலை ஆட்டிக்கொண்டே "வியாழக்கிழமை" என்றாள்.

அன்றைக்குப் பள்ளியில் கணக்குப் பரீட்சையா, டீச்சர் திட்டுவாரா என்றெல்லாம் துருவிப் பார்த்தேன். எதுவும் இல்லை. அப்புறம்தான் அம்மா தயங்கித் தயங்கிச் சொன்னார். வியாழக்கிழமை காலை 7 மணிக்குக் குழுக்கடன் வசூலுக்குப் பைக்கில் ஆள் வருவார். தறிக்குப் பாவு நூல் சரியாக வராத மாதங்களில் இரண்டு தவணை விட்டுப்போயிருக்கிறது. ஒரு தடவை அவர் ஆசாரத்தில் (வீட்டு முன்கூடத்தில்) உட்கார்ந்துகொண்டு, பணம் வராமல் எழுந்திரிக்க மாட்டேன் என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சத்தம் போட்டிருக்கிறார். அப்பா பின்வாசல் வழியாகப் போய்விட்டார். அம்மா பக்கத்து வீட்டுக்கு ஓடினார். பிள்ளை அங்கேயே நின்றிருக்கிறாள். அதற்குப் பிறகு எந்தப் பைக் சத்தம் கேட்டாலும் வயிற்றைப் பிடித்துக்கொள்கிறாள்.

(சொல்லிவிடுகிறேன். இதில் வருகிறவர்கள் யாரையும் அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன்.)

நம் பக்கம் உடம்பை மேலு என்போம், கவலையை வெசனம் என்போம். "மேலெல்லாம் நோவுதுங்க" என்று வருகிறவர்கள் நூறு பேர் என்றால், "வெசனமா இருக்குதுங்க" என்று வருகிறவர் ஒருவர் இருந்தாலே அதிகம். வெசனத்துக்கு எந்த பனியன் கம்பெனியில் அரைநாள் லீவு தருவார்கள்? தலைவலிக்குத் தருவார்கள். அதனால் வெசனம் மேலுக்கு ஏறித்தான் டாக்டர் வீட்டு வாசலுக்கு வர முடிகிறது. இதை நடிப்பு என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள், மருத்துவர்களிலும் இருக்கிறார்கள். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தேன்.

படித்து முடித்த புதிதில் ஒரு மருத்துவமனையில் பொது மருத்துவம் பார்த்துக்கொண்டிருந்தேன். நெஞ்சு படபடப்பு, கைகால் மரத்துப்போவது என்று மாதம் இரண்டு தடவை வருவார் ஓர் அக்கா. ஈசிஜி எடுப்போம், நன்றாக இருக்கும். ஒரு நாள் கூட்டம் அதிகம். "உங்களுக்கு ஒண்ணுமே இல்லைங்க, சும்மா சும்மா வராதீங்க" என்றேன். அவர் ஒன்றும் பேசாமல் சீட்டை மடித்து வைத்துக்கொண்டு போய்விட்டார். அப்புறம் வரவில்லை. அவர் வீட்டுக்காரர் தினமும் குடித்துவிட்டு அடிப்பவர் என்று அங்கே இருந்த ஆயா பிறகு சொன்னார். ஆயாவுக்குத் தெரிந்திருந்தது, எனக்குத் தெரியவில்லை, நான் கேட்கவில்லை. ரிப்போர்ட் நார்மல் என்றால் அந்த ரிப்போர்ட் தேடிய நோய் அங்கே இல்லை என்று மட்டும்தான் அர்த்தம். இதை விளங்கிக்கொள்ள எனக்கு இன்னும் சில வருஷம் ஆனது.

உள்ளே என்ன நடக்கிறது? தோட்டத்துக்குப் போகிற இட்டேரியில் ஒரு வெறிநாய் எதிரே வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் யோசித்து முடிப்பதற்குள் மூளை மணி அடித்துவிடும். சிறுநீரகத்தின் தலையில் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பியிலிருந்து அட்ரினலின் நொடிகளில் பாயும், கார்டிசால் சில நிமிடங்களில் பின்னாலேயே வரும். இதயம் வேகமெடுக்கும், ஓடுவதற்கு எரிபொருளாக ரத்தத்தில் சர்க்கரை ஏறும், கழுத்தும் தோளும் இறுகும். ஓடுகிற நேரத்தில் சோறு செரித்து என்ன ஆகப் போகிறது என்று வயிற்றின் வேலை தாறுமாறாகும். நாய் போய்விட்டால் எல்லாம் அடங்கும். அருமையான ஏற்பாடு, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

கடன் அப்படிப் போகாதே. குடிகாரப் புருஷனும் மாமியார் சண்டையும் ஷிப்டு முடிந்தால் போய்விடுமா? கிணற்றில் தண்ணீர் இல்லாமல் மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தால் என்ன ஆகும் என்று நம் ஊரில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. கார்டிசால் காலையில் ஏறி இரவில் இறங்க வேண்டிய ஒன்று. அந்த ஏற்ற இறக்கம் குலைந்தால் தூக்கம் முதலில் போகும். பிறகு ரத்த அழுத்தம், சர்க்கரை, மாதவிலக்குக் கோளாறு, வயிற்றெரிச்சல், விட்டு விட்டு வரும் பேதி, தீராத கழுத்து வலி என்று ஒவ்வொன்றாக வரும்.

இதைக் கண்டுபிடித்து ஒரு நூற்றாண்டு ஆகப்போகிறது. ஹான்ஸ் செல்யே 1936-ல் எலிகளை விதவிதமாக வதைத்துப் பார்த்தார். குளிரானாலும், காயமானாலும், நஞ்சானாலும் கடைசியில் எலிக்குள் தெரிந்தது அதே மூன்றுதான்: அட்ரினல் சுரப்பி வீக்கம், நோய் எதிர்ப்புக்கான தைமஸ் சுருக்கம், குடலில் புண். 1993-ல் புரூஸ் மெக்யூவன் இந்தத் தேய்மானத்துக்கு ஒரு பெயர் வைத்தார். நான் அதை எளிதாகச் சொல்வதானால், அவசரத்துக்கு வாங்கிய கைமாற்றுக்கு உடம்பு கட்டுகிற வட்டி என்பேன். 1995-ல் அமெரிக்காவின் ஒஹாயோவில் இன்னொன்று செய்தார்கள். மறதிநோய் வந்த உறவினரை வருஷக்கணக்காகப் பார்த்துக்கொள்ளும் பெண்கள் 13 பேர், அப்படிப் பாரமில்லாத பெண்கள் 13 பேர். எல்லாருக்கும் கையில் ஒரே அளவு சிறு காயம். பார்த்துக்கொள்கிறவர்களுக்கு அது ஆறச் சராசரியாக 9 நாள் கூடுதலாகப் பிடித்தது. படுத்துக்கிடக்கும் மாமனாருக்கு எல்லாம் செய்துவிட்டு, "காலுல பட்ட சின்னப் புண்ணு ஆறவே மாட்டேங்குதுங்க" என்று வருகிற மருமகள்களைப் பார்க்கும்போது எனக்கு அந்த 9 நாள் ஞாபகம் வரும். (சர்க்கரையும் பார்த்துவிடுவேன், அதை விட்டுவிடக் கூடாது.)

இது மெல்ல அரிப்பது. ஒரே அடியாக விழுவது வேறு. சேலம் கொச்சி நெடுஞ்சாலையில் பெருந்துறைக்குப் பக்கத்தில் ஒரு விபத்தில் தப்பிய லாரி ஓட்டுநர் ஒருவர் வந்தார். எலும்பு கூடிவிட்டது. ஆனால் ஹாரன் கேட்டால் வேர்க்கிறது, டீசல் வாடை அடித்தால் அந்த இரவு அப்படியே கண்முன் திரும்புகிறது, கனவில் கத்துகிறார், விபத்து நடந்த பாலத்தைத் தவிர்க்கப் பதினைந்து கிலோமீட்டர் சுற்றிப் போகிறார். ஒரு மாதம் தாண்டியும் இப்படியே இருந்தால் அதற்கு வைத்தியம் தேவை. இந்த நோய்க்கு மருத்துவப் பட்டியலில் இடம் கிடைத்ததே 1980-ல்தான். அதற்கு முன்னால் எத்தனை பேரைக் கோழை என்று சொல்லியிருப்போமோ.

அந்த ஓட்டுநரின் மனைவி சொன்னதுதான் முக்கியம். "டம்ளர் கீழ விழுந்தாக்கூட எந்திரிச்சுக் கத்தறாருங்க. இப்ப புள்ளைங்க ரெண்டும் பூனையாட்டம் நடக்குதுங்க." ஒருவர் உடம்புக்குள் அடிக்கிற மணி வீட்டில் எல்லார் காதிலும் விழும். பெரியவர்கள் முகத்தைப் பார்த்துத்தான் குழந்தை உலகம் பத்திரமா இல்லையா என்று முடிவு செய்கிறது. அமெரிக்காவின் சான் டியாகோவில் 1995 முதல் 1997 வரை 17,000-க்கும் மேற்பட்ட பெரியவர்களிடம் சின்ன வயதில் வீட்டில் நடந்ததைக் கேட்டார்கள்: அடி, பாலியல் வன்முறை, குடிக்கு அடிமையானவர், அம்மா அடி வாங்குவதைப் பார்த்தது இப்படி. இவற்றில் நான்கும் அதற்கு மேலும் பட்டவர்களுக்குப் பிற்காலத்தில் குடிநோய், மனச்சோர்வு, தற்கொலை முயற்சி இவற்றின் ஆபத்து இவற்றில் ஒன்றும் படாதவர்களைவிட 4 முதல் 12 மடங்கு இருந்தது. இதயநோயும் கூடுதல்.

இதைப் படித்துவிட்டு என் பிள்ளை வாழ்க்கை முடிந்தது என்று யாரும் பயந்துவிட வேண்டாம். ஹவாய்த் தீவுகளில் ஒன்றான கவாயில் 1955-ல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்தார். மிக மோசமான சூழலில் வளர்ந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் நல்லபடியாகவே ஆளானார்கள். அவர்கள் வாழ்க்கையில் பெரும்பாலும் ஒரு பெரியவர் நிலையாக இருந்திருக்கிறார்: பாட்டி, பக்கத்து வீட்டுக்காரர், வாத்தியார் என்று யாராவது. நம் ஊரில் அமுச்சி (அம்மாவின் அம்மா) வீட்டுக்கு லீவுக்குப் போன பிள்ளை சதை போட்டுத் திரும்பி வருவது வெறும் கம்பங்கூழால் மட்டும் என்று நான் நினைக்கவில்லை.

பிள்ளை பயந்துவிட்டது என்று மந்திரிக்கக் கூட்டிப்போவதைக் கேலி செய்கிற ஆள் நான் இல்லை. மடியில் வைத்து, தலையைத் தடவி, உனக்கு ஒன்றும் ஆகாது என்று ஒரு பெரியவர் சொன்னால் பிள்ளை உடம்பு இளகத்தான் செய்யும். அதோடு நின்றுவிடுவதுதான் சிக்கல். அதைவிடப் பெரிய சிக்கல், தூங்கவில்லை என்று மெடிக்கலில் அல்பிரசோலம் வாங்கிப் போடுவதும், தினமும் வலி மாத்திரை விழுங்குவதும். முன்னது பழக்கமாகிவிடும், பின்னது சிறுநீரகத்தையும் வயிற்றையும் கெடுக்கும். இன்னொன்று, இதைப் படித்துவிட்டு நெஞ்சுவலியை வெசனம் என்று நீங்களே தீர்மானிக்காதீர்கள். முதலில் ஈசிஜி, அப்புறம்தான் என்னிடம் வர வேண்டும்.

சரி, அந்தத் தறிக்கார வீட்டுக்கு வருவோம். விசாரித்தால் பிள்ளைக்கு மட்டுமில்லை. அம்மாவுக்குப் பிடரி வலி, அப்பாவுக்கு வயிற்றெரிச்சலும் சாயங்காலக் குடியும், ஆத்தாவுக்கு, அதாவது பாட்டிக்கு, தூக்கமில்லை, கட்டுப்பட்டிருந்த சர்க்கரை ஏறிவிட்டது. நான்கு பேர், நான்கு டாக்டர், நான்கு சீட்டு, வியாழக்கிழமை ஒன்றுதான். நான் எழுதிய முதல் வைத்தியம் மருந்தே இல்லை. வங்கியில் இருக்கும் என் மைத்துனர் சொல்லித்தான் எனக்கே தெரியும்: ரிசர்வ் வங்கி 2022-ல் கொண்டுவந்த விதிப்படி, குறுங்கடன் வசூலுக்குக் காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் தொல்லை தரக் கூடாது. கடன் கொடுத்தவரும் வாங்கியவரும் பேசி வைத்த இடத்தில்தான் வாங்க வேண்டும், கடன் வாங்கியவர் அங்கே தொடர்ந்து இரண்டு தடவையோ அதற்கு மேலோ வராவிட்டால்தான் வீடு தேடி வரலாம். அம்மாவைக் குழுத் தலைவியிடம் பேசச் சொன்னேன். அப்பாவைக் குடிநோய்ச் சிகிச்சைக்கு வரச் சொன்னேன், இரண்டு தடவை வந்தார், மூன்றாவதுக்கு வரவில்லை. பிள்ளைக்கு மூச்சை மெதுவாக, உள்ளே இழுத்ததைவிட அதிக நேரம் வெளியே விடச் சொல்லித்தந்தோம். அன்று நடந்ததைப் படம் வரைந்து சொல்ல வைத்தோம். ஓட்டுநருக்கு மாத்திரையும், அதிர்ச்சி நினைவுக்கென்றே உள்ள பேச்சுச் சிகிச்சையும் தேவைப்பட்டன. எல்லாருக்கும் ஒரே வைத்தியம் கிடையாது. நேரில் வர முடியாதவர்கள் 14416-க்குக் கூப்பிடலாம், டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி எண், 2022 அக்டோபரிலிருந்து இருக்கிறது, எந்த நேரமும் தமிழில் பேசலாம், காசு இல்லை. வீட்டில் அடிதடி என்றால் பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098.

தவணை இப்போது குழுத் தலைவி வீட்டில், பத்து மணிக்கு. கடன் அப்படியேதான் இருக்கிறது. பிள்ளைக்கு வலி முழுதாகப் போகவில்லை, ஆனால் இரண்டு மாதமாகப் பள்ளிக்கூடம் தவறவில்லை. போன வாரம் ஆத்தாதான் துணைக்கு வந்திருந்தார். பேத்தி வெளியே போனதும் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"எனக்கு வெசனமெல்லாம் ஒண்ணுமில்லீங்க சாமி. இந்த முழங்கால் நோவுக்கு மட்டும் ஒரு ஊசி போட்டு உடுங்க."

ராத்திரி எத்தனை மணிக்குத் தூங்குவீங்க ஆத்தா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் பேச ஆரம்பித்தார்.