உறைய வைத்து அளக்கும் வெற்றிடம்

2019 ஜனவரி 25 அன்று பிரேசிலின் புருமாடின்யோவில் 86 மீட்டர் உயரமுள்ள சுரங்கக் கழிவு அணை ஒன்று சில நொடிகளில் சேறாகிப் பாய்ந்தது. 270 உயிர்கள் போயின. அதில் கழிவு கொட்டுவதை 2016லேயே நிறுத்திவிட்டார்கள். அசையாமல் நின்ற மேடு எப்படிக் குழம்பாகும்?

தாதுப் பாறையை மாவாக அரைத்து உலோகத்தை எடுத்தபின் மிஞ்சும் மண்-நீர்க் கூழ்தான் டெய்லிங்ஸ். குழாயில் வந்து கொட்டுவதால் பெரும்பாலும் தளர்வாகப் படியும். அப்படிப்பட்ட மண் நெரிபடும்போது துகள்கள் நெருங்கப் பார்க்கும். இடையிலுள்ள நீர் வெளியேற நேரமில்லையென்றால் சுமை நீரின்மேல் ஏறிவிடும். துகள்களுக்கு இடையே உள்ள பிடி தளரும். அழுத்தத்தில் நீரின் பங்கைக் கழித்தால் எஞ்சுவதே மண்ணின் வலிமைக்கு ஆதாரம் என்று மண் இயக்கவியலின் முன்னோடி டெர்சாகி 1920களில் காட்டியது இதைத்தான்.

ஆய்வகத்தில் இதைப் பார்க்க உதவுவது முவ்வச்சு அழுத்தச் சோதனை. ரப்பர் உறைக்குள் மண் உருளை, சுற்றிலும் அழுத்தப்பட்ட நீர். உள்ளிருக்கும் காற்றை விரட்ட முதலில் உருளைக்குள் கார்பன் டை ஆக்சைடை ஓட்டுவார்கள். காற்றைவிட அது நீரில் எளிதாகக் கரையும். பிறகு நீரை ஏற்றி, வெளி அழுத்தத்தைக் கொஞ்சம் கூட்டுவார்கள். கூட்டியதில் சுமார் 95 சதவீதமாவது உள்நீரில் தெரிந்தால்தான் மண்ணின் இடைவெளி முழுக்க நீர் நிறைந்துவிட்டது என்று ஏற்பார்கள். அப்புறம் மண்ணை இறுகவிட்டு, வடிகுழாயை மூடி, மேலிருந்து மெதுவாக அழுத்துவார்கள். தளர்ந்த மண் சற்றே தாங்கிவிட்டுச் சட்டென வலிமையை இழக்கும்.

ஆனால் என்னைக் கேட்டால், உண்மையான சவால் வெற்றிட விகிதத்தை அளப்பதுதான். அதாவது, துகள்களின் கன அளவோடு ஒப்பிட்டால் இடைவெளி எவ்வளவு என்பது. இதில் 0.05 வித்தியாசம்கூட முடிவையே மாற்றலாம்: ஒரு பக்கம் நெரிபட்டால் விரிந்து எதிர்க்கும் மண், மறுபக்கம் சுருங்கித் திரவமாகும் மண். நீர் ஏற்றும்போதே உருளை சுருங்கிவிடுவதால் தொடக்கத்தில் எடுத்த அளவை நம்ப முடியாது. அதனால் சோதனை முடிந்ததும் உருளையை அப்படியே உறைய வைக்கிறார்கள். ஒரு சொட்டு நீரும் சிந்தாமல் எடுத்து, எடை பார்த்து, உலர்த்தி மறுபடி எடை பார்த்தால் இடைவெளி எவ்வளவு என்று துல்லியமாகத் தெரிந்துவிடும்.

ஆய்வகத்தில் பிசைந்து செய்த உருளைக்கும் ஒரு குறை உண்டு. புருமாடின்யோ மண்ணில் இரும்பு ஆக்சைடு துகள்களைப் பசைபோல ஒட்டியிருந்ததை விசாரணைக் குழு கண்டது. விறைப்பாக நின்ற அந்த மண் திடீரென உடைந்ததற்கு அதுவும் ஒரு காரணம். பிசைந்தால் அந்த ஒட்டு போய்விடும். அதனால் களத்திலிருந்து கலையாமல் வெட்டியெடுத்த மண்ணையும் சோதித்துத்தான் ஆகவேண்டும்.