ஊசி போட்ட பின் குழந்தைக்கு ஏதாவது ஆனால்: வாயால் சொல்லாதீர்கள், எழுதிக் கொடுங்கள்

சம்பா நடவு நடந்துகொண்டிருந்த நேரம். திருத்துறைப்பூண்டிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு பெண் மூன்றரை மாதக் குழந்தையோடு என்னிடம் மனு எழுதி வாங்க வந்தார். புதன்கிழமை காலையில் ஊசி போட்டிருக்கிறார்கள். அன்று இரவே குழந்தைக்கு வலிப்பு. 108-இல் ஏற்றிக்கொண்டு ஓடி, நான்கு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து, குழந்தை பிழைத்து வீட்டுக்கு வந்துவிட்டது. அவர் என்னிடம் கேட்டது பணம் இல்லை. "ஏன் வந்துச்சு, அடுத்த ஊசி போடலாமா வேணாமா, இதை மட்டும் யாராச்சும் சொல்லுங்கய்யா" என்றார்.

கிராமத்து நர்ஸம்மாவிடம் கேட்டிருக்கிறார். "ஊசியால வலிப்பு வராதும்மா, குழந்தைக்கு முன்னாடியே இருந்திருக்கும்" என்று பதில். ஆரம்ப சுகாதார நிலையத்தில், "சேர்த்த ஆஸ்பத்திரியில எழுதியிருப்பாங்க." ஆஸ்பத்திரியில், "ஊசி போட்ட இடத்துல போய்ச் சொல்லுங்க." மாவட்டச் சுகாதாரத் துறையின் டி.டி. ஆபீஸில், "கீழேயிருந்து எங்களுக்கு ரிப்போர்ட்டே வரலையே." நாலு இடம், நாலு நாள் கூலி போச்சு. அந்தக் குழந்தையைப் பற்றி ஒரு வரிகூட எந்தக் காகிதத்திலும் ஏறவில்லை.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஊசி போடாதீர்கள் என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. போலியோவில் கால் சூம்பியவர்களோடு ஒரே வகுப்பில் படித்தவன் நான். 2011 ஜனவரிக்குப் பிறகு இந்தியாவில் காட்டுவகை போலியோ ஒரு குழந்தைக்கும் வரவில்லை என்றால் அது தடுப்பு மருந்தால் வந்த பலன். ஆனால் ஊசியை நம்பச் சொல்கிற அதே துறை, ஊசிக்குப் பின் குழந்தைக்கு என்ன ஆனது என்பதை எழுதிக்கொள்ள மறுத்தால், ஊரில் நம்பிக்கை எப்படி நிற்கும்? அந்தத் தெருவில் அடுத்த புதன்கிழமை மூன்று வீட்டில் ஊசி போட வரவில்லை. அவர்களை என்னால் குறை சொல்ல முடியவில்லை.

சரி, விஷயத்துக்கு வருவோம். தடுப்பூசிக்குப் பின் வரும் பாதிப்புகளைப் பதிவு செய்ய அரசிடமே ஒரு முறை இருக்கிறது. அலுவலகங்களில் அதற்கு ஏ.இ.எஃப்.ஐ. என்று பெயர். இந்த நாலெழுத்தை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். "என் குழந்தைக்கு உடம்பு சரியில்லை" என்று போனால் மாத்திரை கொடுத்து அனுப்புவார்கள். "ஏ.இ.எஃப்.ஐ. பதிவு செய்யுங்கள்" என்று கேட்டால் நாற்காலியில் நிமிர்ந்து உட்காருவார்கள்.

இதில் முதல் பொறி "ஊசியால் இல்லை" என்ற பேச்சு. வழிகாட்டு நெறிமுறை சொல்வது இதுதான்: ஊசிக்குப் பிறகு உடம்புக்கு வருகிற எந்தக் கோளாறும் பதிவுக்கு உரியது, ஊசிதான் காரணம் என்று முதலில் நிரூபணமாகியிருக்க வேண்டியதில்லை. காரணம் பார்ப்பது பின்னால் கூடும் நிபுணர் குழுவின் வேலை. நர்ஸம்மாவோ, பணியில் இருக்கும் டாக்டரோ வாசலிலேயே தீர்ப்பு எழுத முடியாது. அவர்கள் சொல்வது மருத்துவப்படி சரியாகக்கூட இருக்கலாம். மூன்றரை மாதக் குழந்தைக்கு ஊசியே போடாத நாளிலும் வலிப்பு வரும், அது தற்செயலாக ஊசி நாளில் வந்திருக்கலாம். ஆனால் அதை விசாரித்துச் சொல்ல வேண்டும். விசாரிக்காமலே சொல்வதைத்தான் ஏற்க முடியாது.

இரண்டாவது, எது பெரிய பாதிப்பு என்பது. லேசான காய்ச்சல், ஊசி போட்ட தொடையில் வீக்கம், ஒரு நாள் சிணுங்கல் இவற்றுக்கெல்லாம் மனு வேண்டாம், கொடுத்த பாராசிட்டமால் போதும். மரணம், ஆஸ்பத்திரியில் சேர்க்கும் நிலை, ஊனம், ஒரே இடத்தில் போட்டுக்கொண்ட இரண்டு மூன்று குழந்தைகளுக்கு ஒரே மாதிரிக் கோளாறு என்றால் அது பெரிய பாதிப்பு. இதே பட்டியலில் இன்னொன்றும் இருக்கிறது. யாரும் அதைச் சொல்வதில்லை. பெற்றோருக்கோ ஊருக்கோ ஏற்பட்ட கடும் கவலை, அதுவும் பெரிய பாதிப்பாகவே எடுத்துக்கொள்ளப்பட வேண்டும். "நீங்களா பயந்துக்கிறீங்க" என்று யாராவது சொன்னால், அந்தப் பயமும் பதிவுக்கு ஒரு காரணம் என்று சொல்லுங்கள்.

அப்புறம் ஆஸ்பத்திரி. இங்கேதான் பாதிப் பேர் கோட்டை விடுகிறார்கள். குழந்தைக்கு மூச்சுத் திணறல், வலிப்பு, உடம்பு நீலம் பாய்தல், பால் குடிக்காமல் துவண்டு கிடத்தல் என்றால் முதலில் ஓடுங்கள், காகிதம் பிறகு. ஆனால் சேர்க்கும்போதே பணியில் இருக்கும் டாக்டரிடம் "இன்னிக்கு இத்தனை மணிக்கு, இந்த இடத்தில ஊசி போட்டோம்" என்று சொல்லி, தாய் சேய் நல அட்டையைக் கையில் கொடுங்கள். கேஸ் ஷீட்டில் அதை எழுதினார்களா என்று பாருங்கள். வீட்டுக்கு அனுப்பும்போது தரும் டிஸ்சார்ஜ் சம்மரியில் வெறுமனே "காய்ச்சல், வலிப்பு" என்று இருந்தால் அன்றே கேட்டுத் திருத்துங்கள். ஊசி பற்றிய வார்த்தை அதில் இல்லை என்றால் சங்கிலி அங்கேயே அறுந்துபோகும். ஆறு மாதம் கழித்து யாரும் சேர்த்து எழுதித் தர மாட்டார்கள். தனியார் ஆஸ்பத்திரி என்றாலும் இதேதான். தனியார் டாக்டரும் பாதிப்பைத் தெரிவிக்கக் கடமைப்பட்டவர்தான்.

சம்மரி மட்டும் போதாது, முழு மருத்துவக் குறிப்புகளின் நகலையும் எழுதிக் கேளுங்கள். 2002-ஆம் ஆண்டு மருத்துவர் நடத்தை விதிமுறைகளின்படி, நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். குறிப்புகளை மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்பதும் அதே விதிதான். "எம்.ஆர்.டி.யில (குறிப்புகளை வைக்கும் பிரிவு) இருக்கு, அப்புறம் வாங்க" என்பார்கள். தேதி போட்டு எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள், 72 மணி அந்த நேரத்திலிருந்து ஓடட்டும்.

ஊசி போடும் இடத்தில் நீங்களே செய்யக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது, செலவில்லாதது. மருந்துக் குப்பியைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பேட்ச் எண்ணும் (அந்த மருந்தின் தயாரிப்புத் தொகுதி எண்) காலாவதித் தேதியும் தெரிய வேண்டும். பெரும்பாலும் அட்டையில் ஊசியின் பெயரும் தேதியும்தான் இருக்கும், பேட்ச் எண் இருக்காது. குப்பியின் மேல் ஒரு வட்டமும் அதற்குள் ஒரு சதுரமும் இருக்கும். சதுரம் வட்டத்தைவிட வெளிறி இருந்தால் மருந்து சரி. வட்டத்தின் நிறத்துக்கே கருத்துவிட்டால் அந்தக் குப்பியைப் பயன்படுத்தக் கூடாது. தட்டம்மை ஊசியும் காசநோய்க்கான பி.சி.ஜி. ஊசியும் பொடியாக வரும், அங்கேயே கரைத்துப் போடுவார்கள். கரைத்த பிறகு நான்கு மணி நேரம்தான். எத்தனை மணிக்குக் கரைத்தீர்கள் என்று கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போட்ட நான்கு குழந்தைகள் இறந்துபோனார்கள். அதைப் பார்த்த மாநிலத்தில் இந்தக் கேள்வியைக் கேட்க எந்தத் தாய்க்கும் உரிமை உண்டு. ஊசி போட்ட பின் அரை மணி நேரம் உட்கார வைக்க வேண்டும் என்பதும் விதி. நடவுக்குப் போக வேண்டும், பஸ் போய்விடும் என்று நாமும் கிளம்பிவிடுகிறோம், அவர்களும் விட்டுவிடுகிறார்கள். உட்காருங்கள்.

நம் பக்கத்தில் இன்னொரு சிக்கல், தாய் வீடு. பிரசவம் பார்த்தது திருவாரூர் மாவட்டத்தில், முதல் இரண்டு ஊசியும் அங்கே. மூன்றாவது ஊசி புகுந்த வீட்டில், அது மயிலாடுதுறை மாவட்டம். குழந்தைக்கு ஏதாவது ஆனால் இரண்டு பக்கமும் "அது அவங்க ஏரியா" என்பார்கள். மயிலாடுதுறை 2020 டிசம்பரில்தான் தனி மாவட்டம் ஆனது என்பதால், நாகப்பட்டினத்துக்குப் போங்கள் என்று திருப்பிவிட்ட கதையும் கேட்டிருக்கிறேன். அலையாதீர்கள். ஊசி போட்ட சுகாதார நிலையத்தின் மருத்துவ அலுவலருக்கு ஒரு மனு, அதே மனுவின் நகல் அந்த மாவட்டத்தின் மாவட்ட சுகாதார அலுவலருக்கு. பழைய பெயர் துணை இயக்குநர், ஊரில் டி.டி. ஆபீஸ் என்றால் எல்லோருக்கும் தெரியும். இரண்டையும் ஒரே நாளில் அனுப்புங்கள். மருத்துவ அலுவலர் 24 மணி நேரத்துக்குள் படிவம் நிரப்பி மாவட்டத்துக்கு அனுப்ப வேண்டும், அங்கிருந்து மாநிலத்துக்கும் மத்திய அரசுக்கும் போக வேண்டும். "கீழேயிருந்து வரலை" என்ற பேச்சுக்கு இடமில்லாமல் போக, இந்த நகல்தான் வழி.

மனுவில் கதை எழுதாதீர்கள். இப்படி எழுதினால் போதும் (பிக்மி எண் என்பது கர்ப்பத்தைப் பதிவு செய்தபோது கொடுத்த எண்):

"என் குழந்தைக்கு (பெயர், பிறந்த தேதி, பிக்மி எண்) இந்தத் தேதியில் இத்தனை மணிக்கு உங்கள் நிலையத்தில் தடுப்பூசி போடப்பட்டது. அன்று இரவு இத்தனை மணிக்கு வலிப்பு வந்து இந்த மருத்துவமனையில் இத்தனை நாள் உள்நோயாளியாகச் சேர்க்கப்பட்டது. இதைத் தடுப்பூசிக்குப் பின் ஏற்பட்ட கடும் பாதிப்பாக (ஏ.இ.எஃப்.ஐ.) பதிவு செய்து, படிவத்தின் நகலையும் பதிவு எண்ணையும் எனக்குத் தர வேண்டும். அடுத்த தவணை ஊசி பற்றிய மருத்துவரின் முடிவை எழுத்தில் தர வேண்டும்."

இரண்டு பிரதி எடுத்துப் போய், ஒன்றில் முத்திரையும் கையெழுத்தும் வாங்குங்கள். முத்திரை போட மறுத்தால் வாக்குவாதம் வேண்டாம், நேராகத் தபால் நிலையம் போய் ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். திங்கட்கிழமை கலெக்டர் அலுவலக மக்கள் குறைதீர்க்கும் நாளில் இன்னொரு நகல் கொடுத்தால் மனு எண் கிடைக்கும். மருந்துகளின் பக்கவிளைவைப் பொதுமக்களே நேராகத் தெரிவிக்க 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண் இருக்கிறது. இதற்கான படிவம் தமிழிலும் உண்டு. அங்கேயும் சொல்லி வையுங்கள்.

விசாரணைக்கு வீட்டுக்கு வருவார்கள். பேசுவது பெரும்பாலும் பாட்டியிடம், அம்மா வயலில் இருப்பார். "குழந்தை முன்னாடி நாளே கொஞ்சம் சோர்வாத்தான் இருந்துச்சு" என்று பாட்டி இயல்பாகச் சொல்வார், அது அப்படியே படிவத்தில் ஏறும். உண்மையை மறைக்கச் சொல்லவில்லை. உண்மை என்றால் எழுதட்டும். ஆனால் எழுதியதைப் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்ட பிறகே கையெழுத்து, படிக்காத காகிதத்தில் கைநாட்டு வேண்டாம்.

இதற்குப் பிறகு குழு கூடி வகைப்படுத்தும். மருந்தின் தன்மையால் வந்தது, மருந்தின் தரக்குறைவால் வந்தது, போட்ட முறையில் நடந்த தவறால் வந்தது, ஊசி பயத்தால் வந்தது, தற்செயல் என்று பிரிவுகள் உண்டு. உறுதியாகச் சொல்ல முடியாதது என்றும் ஒன்று இருக்கிறது. இவற்றோடு கடைசியாக "வகைப்படுத்த இயலாதது" என்ற ஒரு பிரிவு. போதுமான தகவல் இல்லாத கோப்புகள் அதில் போய் விழும். காகிதம் காகிதம் என்று நான் அடித்துக்கொள்வது இதற்காகத்தான். கேஸ் ஷீட் இல்லை, பேட்ச் எண் இல்லை என்றால் உங்கள் குழந்தையின் கோப்பு அந்தப் பிரிவில் தூங்கும்.

எழுதவே கை வராத விஷயம் ஒன்று. குழந்தை இறந்துவிட்டால், நம் ஊர்களில் பொழுது சாய்வதற்குள் அடக்கம் செய்துவிடுகிறோம். பச்சைக் குழந்தையை அறுப்பதா என்று பெரியவர்கள் தடுப்பார்கள். அந்த வேதனையை மீறி யாரையும் கட்டாயப்படுத்த எனக்கு மனம் இல்லை. ஆனால் உடற்கூராய்வு இல்லாமல் காரணம் தெரிவது மிகவும் கடினம். ஒப்புக்கொள்ளாவிட்டால், உறவினரிடம் கேட்டு எழுதும் வாய்மொழி விசாரணைப் படிவத்தையாவது முழுமையாக நிரப்பச் சொல்லுங்கள்.

இழப்பீடு கிடைக்குமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். வழக்கமான குழந்தைத் தடுப்பூசிகளுக்கென்று தனி இழப்பீட்டுச் சட்டம் நம் நாட்டில் இல்லை. அரசு ஆஸ்பத்திரியில் இலவசமாகப் போட்ட ஊசிக்கு நுகர்வோர் நீதிமன்றமும் போக முடியாது. காசு கட்டிய தனியார் ஆஸ்பத்திரி என்றால் இரண்டு ஆண்டுக்குள் போகலாம். "லட்சக்கணக்கில் வாங்கித் தருகிறேன், ஐயாயிரம் கொடு" என்று தாலுகா ஆபீஸ் டீக்கடையில் உட்கார்ந்திருப்பவரிடம் ஏமாறாதீர்கள்.

கட்டாயப்படுத்தலாமா என்பது பற்றி ஒரு தீர்ப்பு தெரிந்து வைத்திருங்கள். குழந்தை மருத்துவர் ஜேக்கப் புலியேல் தொடுத்த வழக்கில் 2022 மே 2 அன்று உச்ச நீதிமன்றம், யாரையும் கட்டாயப்படுத்தி ஊசி போட முடியாது என்றது. பாதிக்கப்பட்டவர்களும் தனியார் டாக்டர்களும் நேராகப் பதிவு செய்ய இணைய வழி வேண்டும் என்றும், அந்தப் பதிவுகள் பெயர் வெளியே வராமல் பொதுமக்கள் பார்வைக்கு இருக்க வேண்டும் என்றும் சொன்னது. அது கோவிட் ஊசி பற்றிய தீர்ப்பு. அரசின் கோவிட் ஊசிக் கொள்கை தவறு என்று அதில் சொல்லவில்லை, அதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

கடைசியாக, பணம் நிற்கிற இடம். முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவி மொத்தம் 18,000 ரூபாய், அதில் 4,000 ஊட்டச்சத்துப் பெட்டகமாக வரும். மீதிப் பணத்தில் பிரசவத்துக்குப் பின் வருகிற தவணைகள் ஊசியோடு கட்டப்பட்டவை, ஐந்து நோய்களுக்கான பென்டா ஊசியை மூன்றாவது முறையும் போட்டதாகப் பதிவானால்தான் பணம் வரும். முதல் ஊசியில் கடும் பாதிப்பு வந்து "இப்போதைக்கு வேண்டாம்" என்று டாக்டர் வாயால் சொல்லிவிடுவார். பதிவேட்டில் "ஊசி மறுத்த குடும்பம்" என்று ஏறும், தவணை நிற்கும். அதோடு, அடுத்த முறை வேறொரு நர்ஸம்மா எதுவும் தெரியாமல் அதே ஊசியைப் போட்டுவிடும் ஆபத்தும் இருக்கிறது. முந்தைய ஊசிக்குக் கடும் ஒவ்வாமை வந்த குழந்தைக்கு அதே ஊசியை மறுபடி போடக் கூடாது. ஆகவே டாக்டரின் முடிவை அட்டையிலேயே சிவப்பு மையில், தேதி, கையெழுத்து, முத்திரையோடு எழுதி வாங்குங்கள். போடலாம் என்று முடிவானால் அதுவும் எழுத்தில் வரட்டும், பயமில்லாமல் போடலாம். அந்த அட்டையின் நகலோடு தவணைக்கு மனு கொடுங்கள்.

குழுவின் முடிவு உங்கள் வீட்டுக்குத் தானாக வரும் என்று காத்திருக்க வேண்டாம், நான் மனு எழுதிக் கொடுத்த ஒருவருக்கும் வந்ததில்லை. மூன்று மாதம் பாருங்கள். பிறகு பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, மாவட்ட சுகாதார அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு ஒரு தகவல் உரிமை மனு போடுங்கள். என் குழந்தையின் ஏ.இ.எஃப்.ஐ. படிவ நகல், விசாரணைப் படிவ நகல், எந்த வகையில் சேர்த்தீர்கள், என்ன தேதியில் என்று நான்கே கேள்வி. 30 நாளில் பதில் இல்லையென்றால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. திருத்துறைப்பூண்டிப் பெண்ணுக்கு மேல்முறையீட்டில்தான் படிவம் வந்தது. மாவட்டத்துக்கு அனுப்பிய தேதி என்று அதில் இருந்தது, நாங்கள் மனு அனுப்பிய தேதிக்கு மறுநாள்.